துறைமுகக் கணக்கரின் விண்ணப்பம்

(பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி மாதவரத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் படிக்கப்பெற்ற உரை)



கவிஞர் கூடியிருக்கும் அவையில் ஒரு கணக்கரின் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டுவது என்ன என்ற ஐயம் எழுதல் இயல்பே. யாப்பையும் படிமத்தையும் உரைநடையின் போக்கையும் பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்த மேடை இது. ஆயினும் இம்மன்றத்தார் பலருடைய வீட்டு வாயிலுக்குக் கோடைதோறும் வந்து சேரும் ஒரு வேலை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளையை அழைத்துக்கொண்டு தந்தையோ தாயோ வருவர். கையில் ஒரு தாள் இருக்கும். "ஐயா, நீங்கள் எழுதுகிறவர். இதைக் கொஞ்சம் பார்த்து நல்ல நடையில் ஆக்கிக் கொடுங்கள். பிள்ளை வெளியூர்க் கல்லூரிக்குப் போட வேண்டும்" என்பர். அத்தாளில் இருப்பது பாட்டும் அன்று, கதையும் அன்று. தான் யார், எதை விரும்புகிறான், ஏன் தனக்கு இடம் தர வேண்டும் என்று ஒரு மாணவன் தன்னைப் பற்றித் தானே எழுதிய கட்டுரை அது.

அதில் எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பது மொழியறிந்தவருக்கு எளிய வினா அன்று. ஓர் இளைஞனின் எதிர்காலம் அத்தாளைப் பற்றி நிற்கிறது. விடை தேடப் புகுவோர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இங்கிருந்து பத்துக் கல்லுக்குள் இருக்கும் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், 1913 ஜனவரி 16ஆம் நாள் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரி விண்ணப்பம் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆயினும் துணிந்து எழுதப்பட்ட விண்ணப்பங்களுள் அதற்கு நிகரானதைக் காண்பது அரிது.

கடிதத்திற்குள் புகுமுன், கேட்டல் என்பது தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று என்பதை நினைவு கொள்ளுதல் நலம். பரிசில் கடாநிலை என்று அதற்கொரு துறையே வகுத்துக்கொண்ட மொழி இது. பெருஞ்சித்திரனார் குமணன் முன் நின்று தம் இல்லத்து வறுமையை மறையாது உரைக்கிறார். மூத்துத் தளர்ந்த தாயும், பாலின்றி வற்றிய மார்போடு குழந்தையை ஏந்தி நிற்கும் மனைவியும் அப்பாட்டில் இடம்பெறுகின்றனர். இத்தனையும் சொல்லிவிட்ட ஒருவர் அடுத்துக் கைகூப்புவார் என்றே கேட்போர் எதிர்பார்ப்பர். அவரோ, முகம் மாறித் தருவது யானையே ஆயினும் வேண்டேன், உவந்து தருவது குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்ற கருத்தில் நிமிர்கிறார். அதியமான் தம்மை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது அதை ஏலாது மறுத்தவரும் அவரே. இளவெளிமான் சிறிது கொடுக்க, அதைக் கொள்ளாது சென்று, குமணன் தந்த யானையைக் கொணர்ந்து அவனது காவல் மரத்தில் கட்டியவரும் அவரே. பரிசில் பெறும் வாய்ப்பையே பணயம் வைத்துப் பாடிய விண்ணப்பங்கள் அவை.

மற்றொரு மரபும் உண்டு, அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்குத் தன்னை ஒப்பிட்டான் கம்பன். ஒப்பிட்டுவிட்டுப் பத்தாயிரத்தை ஒட்டிய பாடல்களைப் பாடி முடித்தான். அந்தப் பூனை கடலை வற்றச் செய்யாமல் விட்டது கடலின் நல்வினை. ஆக, அடக்கத்திற்குள்ளும் ஒரு துணிவு ஒளிந்திருக்கக் கூடும் என்பதைத் தமிழ்க் கவிஞர் நெடுங்காலமாக அறிவர்.

பாரதியிடம் இவ்விரண்டையும் தனித்தனியே காணலாம். 1897இல், பதினான்கு வயதுச் சிறுவனாக, தன் கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் அரண்மனைக்குச் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசனைப் போற்றித் தொடங்கித் தன் குறையைச் சொல்லும் மரபான அமைப்பு அது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1919இல், அதே அரண்மனைக்கு அவர் விடுத்த சீட்டுக்கவியிலோ தன் பாட்டின் மதிப்பைத் தானே அறிவிக்கும் குரல் ஒலிக்கிறது. முதலாவதைப் பாரதி ஆய்வாளர் தேடிப் படிக்கின்றனர். இரண்டாவது பலருக்கு மனப்பாடம்.

இனித் துறைமுகத்துக் கணக்கருக்கு வரலாம்.

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடையொன்றில் கணக்கெழுதியவர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அத்தொகையை இழந்தார். எதனால்? ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேறவில்லை. உலகம் வியந்த விண்ணப்பத்தின் பின்னே நின்றவர் கட்டுரை எழுதத் தெரியாதவர் என்று கல்லூரி தீர்ப்பளித்தவர் என்பதைக் கவிஞர் அவை ஒரு கணம் நின்று சுவைக்கலாம். பின்னர் 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் தவறினார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை.

1909இல் திருமணம் ஆயிற்று. வேலை தேடியாக வேண்டும். 1910இல், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அப்போது திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயரிடம் சென்று, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். கொண்டு சென்றவை சான்றிதழ்கள் அல்ல. கணக்கு எழுதிய குறிப்பேடுகள். அவற்றைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கீழ்ப்பதவியில் புதைக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை, வழி கிடைத்தது. நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார்.

1912 பிப்ரவரி 9ஆம் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எழுதிய இடம் திருவல்லிக்கேணி. இந்த விண்ணப்பம் பலராலும் பேசப்படுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக் கடிதத்தின் அருமையை அறிய இதனைப் படித்தே ஆக வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத இடையூறுகளால் படிப்பு நின்றதையும் அது கூறுகிறது. தன் காலம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டு வந்ததை ஒரு வரியில் சொல்கிறது. வேலை தந்தால் அதற்கு நியாயம் செய்ய முடியும் என்ற உறுதியோடு முடிகிறது. ஒரு சூத்திரம்கூட அதில் இல்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை உடன் சென்றது. மார்ச் 1ஆம் நாள் வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு நான்காம் படிநிலைக் கணக்கர். மாதம் 30 ரூபாய்.

இந்த விண்ணப்பத்தைக் கோழைத்தனம் என்று தள்ளுதல் தவறாகும். கேட்டது கணக்கர் வேலை. படிப்பவர் தலைமைக் கணக்கர். அங்கே முடிவிலித் தொடர்களை அடுக்கியிருந்தால் அது துணிவாகாது, இடமறியாமை ஆகும். யாரிடம் எதைச் சொல்வது என்ற தெளிவு இராமானுஜனுக்கு இருந்தது என்பதற்கே இது சான்று.

அந்தத் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். கழகத்தின் தலைவராகத் துறைமுகத்தை ஆண்டவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர். கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயிலை வடகிழக்காகத் திருப்பி, அலைகளின் தாக்குதலிலிருந்து உள்நீரைக் காத்தவர் அவர். இவ்விருவர் நிழலில், ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்துகொண்டு, கப்பல் சரக்குகளின் கணக்கை எழுதியபடி, ஓய்ந்த நேரத்தில் தம் கணக்கை எழுதினார் இராமானுஜன். சரக்குக் கட்டிய தாள்களைப் பொறுக்கி அவற்றிலும் எழுதினார் என்பர். வடசென்னையில் மூட்டை தூக்கியவர், வண்டி இழுத்தவர், கயிறு கட்டியவர் நடுவே இந்த எழுத்து நடந்தது என்பதை இலக்கிய வரலாறு குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. வடசென்னைக் கவிஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆதரவாளர் தூண்ட, இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதங்கள் சென்றன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹில் குறைகளை எடுத்துக்காட்டி, முறையாகப் பயிலுமாறு அறிவுரை தந்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் உதவி கிட்டவில்லை. அதன் பின்னரே, 1913 ஜனவரி 16இல், டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதப்பட்டது.

கடிதத்தின் முதல் வாக்கியத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தான் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டும் பெறும் கணக்கர் என்று அது அறிமுகம் செய்கிறது. வயது ஏறத்தாழ 23 என்கிறது; உண்மையில் 25 முடிந்திருந்தது. மாதம் 30 ரூபாய் என்றால், பவுனுக்கு 15 ரூபாய் என்ற அக்கால மதிப்பில், ஆண்டுக்கு 24 பவுன் வரும். கணக்கரின் கணக்கில் நான்கு பவுனும் இரண்டாண்டும் குறைகின்றன. இது அவையடக்கமோ கவனமின்மையோ, எதுவாயினும் ஆகுக. கருதத்தக்கது வேறு. பட்டம் இல்லாதவர், பல்கலைக்கழகம் காணாதவர், கீழ்நிலைக் கணக்கர் என்ற மூன்றையும் மறைத்துவிட்டு எழுதுவதே வழக்கமான அறிவுடைமை. பல்லாயிரம் கல்லுக்கு அப்பால் இருப்பவருக்கு அவை தெரிய வழியில்லை. அவற்றையே தலைவாயிலில் வைத்தது முதல் துணிவு.

அடுத்து, வகுத்துவைத்த பாதையில் நடக்காமல் தனக்கெனப் புதுவழி ஒன்றை வெட்டிக்கொண்டிருப்பதாகக் கூறுகிறார். உள்ளூர் அறிஞர் தம் முடிவுகளைக் கண்டு திகைத்ததையும் சொல்கிறார். இதுவரை தற்புகழ்ச்சிக்கும் துணிவுக்கும் வேறுபாடு தெரியாது. இத்தகைய வாக்கியங்களை யாரும் எழுதலாம், எழுதுகின்றனர். வேறுபாடு அடுத்த பத்தியில் வருகிறது. ஹார்டி 1910இல் வெளியிட்ட 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறு நூலின் 36ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். ஓர் எண்ணுக்குக் கீழ்ப்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதைத் தரும் திட்டமான கோவை இன்னும் காணப்படவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். உண்மை எண்ணிக்கையை மிக நெருங்கும் கோவையைக் கண்டுள்ளேன். பிழை பொருட்படுத்தத் தகாதது என்பது அவர் கூற்றின் சாரம்.

உதவி கேட்டு எழுதுபவர், உதவ வேண்டியவரின் நூலைத் திறந்து, பக்க எண்ணோடு, இந்த இடத்தைத் தான் கடந்துவிட்டதாக அறிவிக்கிறார்! புகழ்ந்து எழுதியிருந்தால் அக்கடிதம் ஹார்டியின் காகிதக் கூடையில் முடிந்திருக்கக் கூடும். அந்த ஒரு பக்க எண் மூன்று செய்திகளைச் சொல்லாமல் சொன்னது: எழுதியவர் நூலைப் படித்திருக்கிறார், ஊன்றிப் படித்திருக்கிறார், அதற்குமேல் சொல்ல அவரிடம் ஏதோ உண்டு. முகத்துதி பாடும் ஆயிரம் விண்ணப்பங்களுக்கு இந்த ஒரு பக்க எண் ஈடாகும்.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கூற்று பிழையானது. பகா எண்கள் பற்றிய இராமானுஜனின் கோவை அவர் நினைத்த அளவு துல்லியமானது அன்று. ஸீட்டாச் சார்பின் சிக்கலெண் சுழிகளைக் கணக்கில் கொள்ளாமையால் நேர்ந்த வழு அது என்பதை ஹார்டி பின்னர் விளக்கினார். கடிதத்தின் மிகத் துணிந்த வாக்கியமே தவறிய வாக்கியம். இராமானுஜன் வரலாற்றை மேடையில் சொல்வோர் இதனை விட்டுவிடுவது வழக்கம்; வீரரின் வாளில் துரு இருந்ததாகச் சொல்ல மனம் வருவதில்லை போலும். ஆனால் துணிவைப் பற்றிய பேச்சில் இதனை விட்டால் பேச்சே பொய்யாகிவிடும். இடர் என்பது தவறக்கூடும் என்பதுதான். தவறவே முடியாத ஒன்றைச் சொல்வதற்கு எவ்விதத் துணிவும் வேண்டா. ஹார்டியும், அத்தோல்வி இராமானுஜனின் சில வெற்றிகளினும் வியப்பிற்குரியது என்ற கருத்தினராகவே இருந்தார்.

தவறிய வாக்கியம் ஏன் கடிதத்தை வீழ்த்தவில்லை? அதன் பின்னே நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் நிரல்பட நின்றமையால். நிறுவல்கள் இல்லை; முடிவுகள் மட்டும். சில ஹார்டிக்குத் தெரிந்தவை. சிலவற்றை அவர் முயன்று நிறுவ முடிந்தது. எதிர்பார்த்ததைவிட அது கடினமாக இருந்தது. தொடர்பின்னங்கள் பற்றிய சில, அவரை முற்றிலும் திகைக்க வைத்தன. அவை உண்மையாகவே இருத்தல் வேண்டும், ஏனெனில் பொய்யாக அவற்றைப் புனையும் கற்பனை எவர்க்கும் இராது என்பது அவர் வந்தடைந்த முடிவு. ஏமாற்றுக்காரனோ என்று முதலில் ஐயுற்றவர், லிட்டில்வுட்டுடன் அமர்ந்து தாள்களை ஆராய்ந்த பின் மனம் மாறினார். பிப்ரவரித் தொடக்கத்தில் அவ்விருவரையும் கண்ட பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், இரண்டாம் நியூட்டனைக் கண்டுபிடித்துவிட்ட கிளர்ச்சியில் அவர்கள் இருந்ததைத் தம் கடிதமொன்றில் குறித்தார். ஆண்டுக்கு 20 பவுன் பெறும் சென்னைக் கணக்கர் என்ற செய்தியும் அதில் இடம்பெற்றது. முதல் வாக்கியம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பிப்ரவரி 8இல் ஹார்டி விடை எழுதினார், நிறுவல்களைக் கேட்டார். பிப்ரவரி 27இல் இராமானுஜன் எழுதிய மறுகடிதம் முதற் கடிதத்தினும் நெஞ்சைத் தொடுவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முடிவின்றிக் கூட்டிச் சென்றால் வரும் தொகை, கழித்தற்குறியிட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு என்று இலண்டன் பேராசிரியருக்குத் தாம் எழுதியதை அதில் நினைவு கூர்கிறார். எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் பித்தர் விடுதியே தமக்கு உரிய இடமென்று நீங்களும் காட்டுவீர்கள் என்று எழுதுகிறார். கூட்டக் கூட்டப் பெருகும் எண்கள் சிறுத்து, பின்னமாகி, குறையெண்ணாகவும் ஆவது உலக வழக்கிற்கு நகைப்பிற்குரியது. வழக்கமான கூட்டல் அன்று அது. பரந்து விரியும் தொடருக்கு வேறொரு முறையால் மதிப்பு வகுக்கும்போது வருவது. அம்முறைக்குள் அது மெய். தம் கூற்று படிப்பவர் செவியில் எப்படி ஒலிக்கும் என்பதை இராமானுஜன் நன்கு அறிந்திருந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. அறியாமற் சொல்வது வெகுளித்தனம். அறிந்து சொல்வது துணிவு.

அக்கடிதத்தில்தான் பசி வருகிறது. தாம் அரைவயிற்றுக்காரர் என்றும், மூளையைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்றும், பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை பெற அது துணையாகும் என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். முதற் கடிதத்தில் வறுமை ஒரு சொல்லளவே. தேற்றங்களைப் படித்து ஒருவர் தம்மை மதித்துவிட்டார் என்பது உறுதியான பின்னரே பசியைச் சொல்கிறார். பெருஞ்சித்திரனாரின் வரிசை வேறு. அவர் வறுமையை முன்னும் மானத்தைப் பின்னும் வைத்தார். இருவரும் ஒன்றை மட்டும் செய்யவில்லை: வறுமையையே தகுதியாகக் காட்டவில்லை.

பின் நிகழ்ந்தவை விரைவில் நிகழ்ந்தன. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது குறிப்பேடுகளைக் கண்டு பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். பட்டம் பெறாத ஒருவருக்கு, 1913 மே முதல், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதுவரை கப்பல்களின் கணக்கை எழுதியவர் அன்று கப்பலேறினார். 1918இல் ராயல் கழகத்தின் உறுப்பினரும் டிரினிட்டியின் ஆய்வுறுப்பினரும் ஆனார். 1919இல் நலிந்த உடலோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

இனிக் கோடையில் வரும் அந்தத் தாளுக்குத் திரும்பலாம். இந்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலும் மதிப்பெண்ணையோ நுழைவுத் தேர்வையோ கொண்டே சேர்க்கின்றன. மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் பிள்ளை, பசுவின் மீது தான் கொண்ட அன்பைப் பற்றி யாருக்கும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. இம்முறையை எளிதில் பழித்துவிட முடியாது. யாருடைய பிள்ளை என்று கேளாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் முறையால் வடசென்னையின் எத்தனையோ வீடுகளில் முதற்பட்டதாரிகள் உண்டாயினர். அதே முறைதான், கும்பகோணத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதத் தவறிய ஒருவரை வெளியே தள்ளியது என்பதும் மெய். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும், இந்தியாவிலேயே சில தனியார் பல்கலைக்கழகங்களும் கட்டுரை கேட்கின்றன. அமெரிக்கப் பொது விண்ணப்பத்தில் அதற்கு 650 சொல் எல்லை. அந்த 650 சொல்லுக்குள் பதினேழு வயதுப் பிள்ளை தன் முழு உருவத்தையும் வைத்தாக வேண்டும்.

எண்ணூரில் பிறந்த மாணவி ஒருத்தி அக்கட்டுரையை எழுதுவதாகக் கொள்க. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் படர்ந்ததையும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியதையும் அவள் கண்டிருப்பாள். உடன் இருப்போர் அனைவரும் அதையே எழுதச் சொல்வர். கறுத்த நீர், வலையை இழந்த தந்தை, கண்ணீர், பின்னர் சுற்றுச்சூழல் பொறியாளர் ஆகும் உறுதி. எழுதலாம், அது அவள் வாழ்வு. ஆயினும் அவள் மனம் முழுதும் சதுரங்கத்திலோ, பழந்தமிழ்க் கல்வெட்டிலோ, தவளைகளின் குரலிலோ இருந்தால்? எண்ணூரில் பிறந்தவள் எண்ணெயைத்தான் எழுத வேண்டும் என்பது எந்த நாட்டு நீதி? தன் ஊரின் துயரத்தை எழுதாமல் தவளையை எழுதுவது அவளுக்கு உண்மையான இடர். பரிவு கிடைக்காமற் போகும் இடர் அது. இராமானுஜனின் முதற் கடிதம் அவ்விடரை ஏற்றுக்கொண்ட கடிதம்.

துணிவு என்று வேறொன்றும் விற்கப்படுகிறது. கட்டுரையைத் தலைகீழாகத் தொடங்குதல், அதிர்ச்சி தரும் ஒரு வரி, தன் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு திருந்தியதாகக் காட்டுதல் ஆகியவற்றைப் பயிற்சி நிலையங்கள் கற்பிக்கின்றன. புதுக்கவிதை எழுதத் தொடங்கிய ஒருவர் சொற்களை ஏணிப்படியாக உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இந்த அவையினர் அதனை நன்கு அறிவர். உள்ளே தேற்றம் ஏதும் இல்லாதபோது உறையின் மீது வரையும் கோலம் அது.

இன்னும் கடினமான வினா உதவி பற்றியது. இராமானுஜனின் கடிதத்து ஆங்கிலத்தைச் செப்பனிட நாராயண ஐயர் போன்றோர் துணை நின்றிருத்தல் கூடும் என்றே வாழ்க்கை வரலாற்றாளர் கருதுவர். கட்டுரைப் பாடத்தில் தவறியவருக்கு அத்துணை வேண்டியிருந்ததில் இழிவில்லை. ஆனால் துணை நின்றவர்கள் எதைத் தொடவில்லை என்று பார்க்க வேண்டும். துறைமுகக் கணக்கர் என்ற சொல்லைக் 'கணித ஆராய்ச்சியாளர்' என்று உயர்த்தவில்லை. 36ஆம் பக்கத்துக் கூற்றை, பெரியவர் மனம் புண்படும் என்று நீக்கவில்லை. பித்தர் விடுதியை அடிக்கவில்லை. திருத்தும் பேனா பெரும்பாலும் முதலில் வெட்டுவது இத்தகைய இடங்களையே. கரடு முரடாகத் தோன்றும், அடக்கமின்மையாகத் தோன்றும், புரியாததாகத் தோன்றும். வெட்டிய பின் எஞ்சும் கட்டுரை வழுவின்றி இருக்கும். எழுதியவர் அதில் இருக்க மாட்டார்.

துணிந்து எழுதினால் இடம் கிடைக்கும் என்று யாரும் அப்பிள்ளைக்கு உறுதி கூறிவிட முடியாது. இராமானுஜனின் அதே கணிதத்தைக் கண்ட மூவரில் ஒருவர் அறிவுரை கூறினார். மற்ற இருவரும் கைகொடுக்கவில்லை. நான்காமவர் மட்டுமே உட்கார்ந்து படித்தார். ஹார்டியும் அன்று மாலை வேறு வேலையாக இருந்திருக்கலாம். அப்போதும் அக்கடிதம் இதே கடிதம்தான்.

இராமானுஜனின் கடிதங்களைத் தேடித் திரட்டிய ஒருவரும் வடசென்னையோடு தொடர்புடையவரே. ஜார்ஜ் டவுனில் உள்ள முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், இராமானுஜனை அறிந்தோரையெல்லாம் தேடிச் சென்று, கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்து, 1968இல் அப்பள்ளியின் நினைவு மலராக வெளிவரச் செய்தார். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவர் முயற்சியால் தோன்றின. அடுத்த கோடையில் தாளோடு வரும் பிள்ளைக்கு, 1912 பிப்ரவரி 9ஆம் நாள் விண்ணப்பத்தையும் 1913 ஜனவரி 16ஆம் நாள் கடிதத்தையும் அருகருகே வைத்துப் படிக்கக் கொடுத்து, திருத்தும் பேனாவை அதுவரை மூடி வைத்திருக்கலாம்.